"வெட்டியாச்சோ?" என்று நான் கேட்டது

தம்பிமாரே,

என் பிரியாவிடைக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து பேசியது இன்னும் காதிலேயே நிற்கிறது. "போமன் ஐயாவின் காலத்தில் இந்தப் பகுதியில் நடந்தது ஒரேயொரு விபத்துத்தான். அதுவும் எங்கள் ஆளால் வந்ததல்ல. நாட்கூலிக்கு மரம் வெட்ட வந்த ஒருவனுடைய கவலையீனத்தால் வந்தது" என்று அவர் சொன்னார். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நான் கழுத்தில் மாலையோடு கதிரையில் இருந்து சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பேசிய தம்பியில் பிழையில்லை. கந்தோர்ப் பைலில் இருப்பதை வாசித்துவிட்டு வந்து சொன்னார். பைலில் அப்படித்தான் இருக்கிறது. அப்படி இருக்கும்படி செய்தவன் நான்.

நான் யாரென்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிழவன் பெருமை அடிக்கிறான் என்று நினைத்தால் நினையுங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கம்பத்துக்குக் கிடங்கு வெட்டுகிற கூலியாக, செருப்பில்லாமல் இந்தக் கரண்ட் வேலைக்கு வந்து, ஆட்களை நடத்துகிற போமன் ஆனேன். வவுனியாப் பட்டினத்தில் இன்றைக்கு எரிகிற லைட்டில் பாதிக்கு மேல் நான் இழுத்த கம்பியில் எரிகிறது. இஞ்சினியர்மார் படம் கீறி முடிக்க முதல் நான் கண்ணாலே அளந்து கம்பம் நடுகிற இடத்தைக் காட்டிவிடுவேன். என் காதைப் பற்றி ஊரே கதைக்கும். கடைத்தெருவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, தூரத்தில், பட்டினத்துக்குக் கரண்ட் தருகிற எஞ்சின் கொட்டிலில் எஞ்சின் இழுக்கிற சத்தத்தை வைத்து, "அரிசி மில் ஓடத் தொடங்கிவிட்டது" என்று சொல்வேன். போய்ப் பார்த்தால் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தக் காதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

எனக்கு வேலை பழக்கியவர் ஒரு பழைய போமன். பெயர் வேண்டாம், அவர் பெயர் இந்தக் கதைக்குள் வருவதற்கு நான் தகுதியானவன் அல்ல. அவரிடம் காக்கித் துணியில் தைத்த ஒரு பை இருந்தது. கம்பியில் வேலை செய்வதென்றால், சுவிச்சுக்கு நிற்கிற ஆள் கரண்டை நிறுத்தி, பியூஸ்களைக் கழற்றி, அந்தப் பைக்குள் போட்டு, நடந்து கொண்டுவந்து அவர் கையில் கொடுக்க வேண்டும். பை கைக்கு வரும்வரைக்கும் ஒருவரும் கம்பத்தில் கால் வைக்கக் கூடாது. ஒரு புத்தகத்திலும் இல்லாத முறை, அவராக வைத்த முறை. அவர் ஓய்வு பெற்றுப் போகும்போது பையை என்னிடம் தந்தார். நான் அதை ஆணியில் தொங்கவிட்டேன். அது ஆணியிலேயே கிடந்தது.

ஏன் தெரியுமோ? நேரம். ஐம்பதுகளின் நடுவில் பட்டினம் பொங்கிக்கொண்டு வந்த காலம் அது. கடைகள் றோட்டின் விளிம்புக்கே வந்துவிட்டன. மில், ஐஸ் போடுகிற இடம், புதிதாய்த் திறந்த படக்கொட்டகை எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். பழைய இரண்டு மெல்லிய கம்பிகளால் அதைத் தாங்க முடியவில்லை. கடைத்தெருவின் கம்பங்களைக் கழற்றி, பின்பக்கத்துக் குடிமனைகளின் ஒழுங்கைக்குள்ளால் புதிதாகத் தடித்த நாலு கம்பி இழுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஒழுங்கைச் சனம் சும்மா விட்டதோ? ஒருவருக்குத் தன் வளவு வேலிக்குள் கம்பம் வரக் கூடாது. இன்னொருவருக்கு வேலிக்கு வெளியே வந்தால் வண்டில் திரும்பாது. செல்லம்மாக்கா என்று ஒரு மனுசி தன் கிணற்றுக்கு மேலால் கம்பி போவதைக் கண்டுவிட்டு வாளியோடு வந்து நின்றா.

"இஞ்ச போமன், தண்ணி அள்ளேக்க கரண்ட் வாளிக்குள்ள இறங்கிப்போடாதோ?"

"இறங்கினா நல்லதுதானே அக்கா, வெந்நீர் சும்மா கிடைக்கும்."

"உம்மட பகிடியை உம்மட மனிசியோட வைச்சுக்கொள்ளும். கம்பியை அங்கால தள்ளும்!"

தள்ளினேன். இப்படித் தள்ளித் தள்ளித்தான் அந்த லைன் போனது. அதனால் நாட்கள் பிந்தின. பிந்தியதை ஓடிப் பிடிக்கலாம் என்று நான் கண்டுபிடித்த வழிதான் கூப்பிட்டுக் கேட்பது. எஞ்சின் கொட்டிலுக்குப் பக்கத்தில் சுவிச். அங்கே சின்னையா நிற்பான். இந்த முனையில் நான். இடையில் கால் மைல். பையோடு ஒருவன் நடந்து வந்து போவதற்குள் இரண்டு முடிச்சுப் போட்டுவிடலாம். ஆகவே இடையில் ஆள் வைத்துக் கூப்பிட்டுக் கேட்டு, பதில் வந்தவுடன் ஆளை ஏற்றினேன். அந்த மாதத்தில் வேலை பறந்தது. கந்தோரிலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. அதை எனக்கு வாசித்துச் சொன்னவர் கிளாக்கர், ஏனென்றால் அது இங்கிலீஷில் இருந்தது.

இனி அந்த நாள்.

புதுக் கம்பியைப் பழைய கம்பியோடு தொடுக்கிற நாள். படக்கொட்டகை முதலாளி காலையிலேயே வந்துவிட்டார்.

"இரண்டரைக்குப் படம், போமன். சனம் வண்டில் கட்டிக்கொண்டு வந்திட்டுது. கரண்ட் இல்லையெண்டா என்ர கொட்டகையைப் பிரிச்சுப்போடுவாங்கள்."

"இரண்டு மணிக்கு உங்கட மிசின் ஓடும். நான் சொன்னா சொன்னதுதான்."

எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

கம்பத்தில் ஏறியிருந்தவன் கனகு. ஸ்டோரில் இருக்கிற, இடது கையால் எழுதுகிற கனகு அண்ணையை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். அவர்தான். அன்றைக்கு அவருக்கு இரண்டு கையும் முழுதாய் இருந்தன. என் ஆட்களில் அவனைப் போல வேலைகாரன் இல்லை. இடுப்புப் பட்டியைக் கம்பத்தோடு கட்டிக்கொண்டு மேலே நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒழுங்கை வளைகிற இடத்தில் ஒரு பெரிய புளியமரம். அதன் கொப்பொன்று புதுக் கம்பிக்கு மேலே சரிந்து கிடந்தது. அதை வெட்ட வந்தவர் காசிம், எங்கள் எல்லாருக்கும் அண்ணன் முறையில் காசிம் நானா. எங்களுடைய நிரந்தர ஆள் இல்லை. மரம் வெட்ட வேண்டி வரும்போது மட்டும் கூப்பிடுவோம். கோடரியை அவர் வைக்கிற இடத்தில்தான் கொப்பு முறியும். ஒரு கூரை ஓடு உடைந்ததாக யாரும் சொன்னதில்லை. குரலும் பெரிய குரல். மரத்தின் மேலே நின்றால் வளைவின் இரண்டு பக்கமும் தெரியும். ஆகவே நான் என்ன செய்தேன்? "நானா, நீர் மேல நிக்கிறீர்தானே, சின்னையா கரண்டை வெட்டினவுடன எனக்குச் சத்தம் வையும்" என்று அவரையே இடையாளாகவும் ஆக்கினேன். ஒரு கூலிக்கு இரண்டு வேலை. அதையும் என் கெட்டித்தனம் என்றே நினைத்தேன்.

இந்த "வெட்டு" என்ற சொல்லைப் பாருங்கள். நாங்கள் கிடங்கு வெட்டுகிறோம், கொப்பு வெட்டுகிறோம், கம்பி வெட்டுகிறோம், கரண்டையும் வெட்டுகிறோம். வாய்க்கு ஒரே சொல்.

காலையிலிருந்து நான் காசிம் நானாவை விரட்டிக்கொண்டிருந்தேன். "நானா, இன்னும் வெட்டேல்லையோ?" "வெட்டுறன் போமன் ஐயா." "பொழுது போகப்போகுது, வெட்டும்!" "இரும்பு மாதிரிக் கிடக்குது ஐயா, பொறுங்கோ." இது எல்லாம் கொப்பைப் பற்றித்தான். கடைசி அரை மணித்தியாலத்தில் மட்டும் நாலைந்து தரம் கேட்டிருப்பேன்.

ஒன்றரை மணி தாண்டியது. முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். நான் வளைவை நோக்கிக் கத்தினேன்.

"நானா! வெட்டியாச்சோ?"

"ஓம்! வெட்டியாச்சு!"

கனகுவைப் பார்த்து, "கை வை" என்றேன்.

வைத்தான்.

அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. பட்டி பிடித்ததால் விழவில்லை. இறக்கும்போது வலது கை கையாக இல்லை. பெரியாஸ்பத்திரியில் நாலு விரலை எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது.

வளைவுக்கு ஓடிப் பார்த்தேன். புளியங்கொப்பு வெட்டிய வெள்ளையோடு நிலத்தில் கிடந்தது. காசிம் நானா மரத்தால் இறங்கிக்கொண்டிருந்தார். சின்னையா இன்னும் சுவிச்சைத் தொடவேயில்லை. எஞ்சின்காரர் சரி சொல்லட்டும் என்று காத்து நின்றிருக்கிறான்.

விசாரணைக்கு வேறு ஊரிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்தார். புதியவர். பையைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது இல்லை. கிளாக்கர் நடுவில் இருந்து தமிழைக் கேட்டு இங்கிலீஷில் டைப் அடித்தார்.

"நடந்ததைச் சொல்லும்" என்றார் இஞ்சினியர் என்னிடம்.

"நான் வெட்டியாச்சோ எண்டு கேட்டனான். மரம் வெட்டுற ஆள் ஓம், வெட்டியாச்சு எண்டு சொன்னவர். அதை நம்பித்தான் ஆளைக் கை வைக்கச் சொன்னனான்."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. உண்மைகளை மட்டும் அடுக்கிப் பொய் சொல்ல முடியும் என்று நான் அன்றைக்குத்தான் கண்டேன். அதற்கு மூன்றாம் வகுப்புப் படிப்பே தாராளம். சின்னையா என்னைப் பார்த்தான். பையைப் பற்றி அவனுக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வாய் மூடிக்கொண்டது.

பிறகு காசிம் நானாவைக் கூப்பிட்டார்கள். அவருக்குக் கதிரை கொடுக்கவில்லை.

"நீர் வெட்டியாச்சு எண்டு சொன்னது உண்மையோ?"

"ஓம் ஐயா, சொன்னதுதான். ஆனா நான் கொப்பை..."

"சொன்னீரோ இல்லையோ?"

"சொன்னனான்."

காசிம் நானா என் பக்கம் திரும்பினார். நான்தான் காலையிலிருந்து கொப்பைக் கேட்டுக்கொண்டிருந்தவன் என்பதை நான் சொல்லுவேன் என்று நின்றார். நான் சன்னலைப் பார்த்தேன். வெளியே ஒரு லொறி நின்றது. அதன் இலக்கம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

அடித்த கடதாசியில் கையெழுத்து வைத்தேன். கையெழுத்து ஒன்றுதான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ். வால் எல்லாம் இழுத்து வடிவாக வைப்பேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கவும் வெட்கம்.

காசிம் நானாவுக்கு அதோடு வேலை போனது. எங்களிடம் மட்டுமல்ல, றோட்டுக் கந்தோர், ரயில் பகுதி எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. அதைவிட மோசம் கடைத்தெரு. ஆளைக் கண்டால், "என்ன நானா, வெட்டியாச்சோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அது அவருக்குப் பட்டப்பெயராயிற்று. நான் தேத்தண்ணிக் கடையில் இருக்கும்போதும் ஒரு தரம் கேட்டார்கள். நான் சிரிக்கவில்லை. நிறுத்தவும் இல்லை. சில மாதத்தில் அவர் குடும்பத்தோடு பட்டினத்தை விட்டுப் போனார்.

நானோ? மறுநாளே ஆணியிலிருந்து பையை எடுத்தேன். அன்றிலிருந்து பை கைக்கு வராமல் என் ஆள் ஒருவனும் ஏறியதில்லை. நீங்கள் எனக்குப் "பை போமன்" என்று பெயர் வைத்தீர்கள், அது என் கண்டுபிடிப்பு என்று கூட்டத்திலும் சொன்னீர்கள். தம்பிமாரே, அது நான் எறிந்துவிட்டு, கனகுவின் விரலைக் கொடுத்துத் திரும்ப எடுத்த பை.

கூட்டம் முடிந்த அடுத்த கிழமை மன்னார் வீதி பஸ்ஸில் ஏறினேன். காசிம் நானா எட்டாம் மைல் கட்டைக்கு அப்பால், ஒரு குளத்துக்குக் கீழே வயல் செய்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பல வருடங்களாகக் கேள்விப்பட்டிருந்தேன் என்பதுதான் சரி.

அவர் வரம்பில் நின்றார். தாடி வெளுத்திருந்தது. என்னைக் கண்டவுடன் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"போமன் ஐயாவோ? வாங்கோ, வாங்கோ. கனகுத் தம்பி சுகமோ?"

முதல் கேள்வி அதுதான்.

வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு என்னை இருத்தினார். உள்ளே பார்த்துத் தேத்தண்ணி போடச் சொன்னார். பிறகு அவராகவே, "அண்டைக்கு நான் வாயைத் திறக்க முதல், எதை வெட்டினதெண்டு கேட்டிருக்கவேணும். இன்னுமொரு சொல்லுக் கேட்டிருந்தா அந்தப் பிள்ளையிட கை இருந்திருக்கும். ஒவ்வொரு தொழுகையிலயும் அதைத்தான் நினைக்கிறன்" என்றார். அதற்குப் பிறகு மரம் தறிக்கப் போனாலும் அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்வதில்லையாம். "கொப்பு விழுந்திட்டுது" என்றுதான் சொல்வாராம்.

நான் சொன்னேன். பையைப் பற்றிச் சொன்னேன். சத்தத்தை நம்பி ஆளை ஏற்றவே கூடாது என்ற முறையைச் சொன்னேன். அதை நான் என் கெட்டித்தனத்துக்காக விட்டதைச் சொன்னேன். கொப்பையே கேட்டுக்கொண்டிருந்தவன் நான் என்று விசாரணையில் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன்.

அவர் கையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டுக் கேட்டார்.

"பை வந்தாத்தான் ஏறலாமோ?"

"ஓம்."

"நான் வெட்டியாச்சு எண்டாலும், வெட்டேல்ல எண்டாலும்?"

"ஓம் நானா. பை வரவேணும்."

"அப்ப என்ர வாய்க்கு அங்க வேலையே இல்லை."

"இல்லை."

எழுந்து குசினிப் பக்கம் போனார். மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இவவுக்குச் சொல்லுங்கோ. 'வெட்டியாச்சுட பெண்சாதி' எண்டு கூப்பிட்டதைக் கேட்டவ இவ." அவவுக்குச் சொன்னேன். பிறகு மருமகனைக் கூப்பிட்டார். அவருக்கும் சொன்னேன். பிறகு பக்கத்து வயல்காரர். மூன்றாம் முறை நான் சுருக்கிச் சொல்லப் பார்த்தேன். "முதல்ல இருந்து, போமன். அந்தப் பையில இருந்து சொல்லுங்கோ" என்றார் நானா. ஐயா என்ற சொல் அதற்குள் கழன்றுவிட்டிருந்தது. நான் அதைக் கவனித்தேன். சரிதான் என்றும் நினைத்தேன்.

நானாவின் மனைவி போட்ட தேத்தண்ணி கதிரைக்குப் பக்கத்தில் இருந்தது. எடுக்கக் கை நீட்டினேன்.

"கனகுத் தம்பிக்குச் சொன்னியளோ?" என்றார் நானா.

"இன்னும் இல்லை."

"அங்க சொல்லிப்போட்டு வந்து குடியுங்கோ."

குடிக்காமல் எழும்பினேன்.

மறுநாள் ஸ்டோருக்குப் போனேன். கனகு இடது கையால் பெட்டிகளுக்கு இலக்கம் எழுதிக்கொண்டிருந்தார். எல்லாம் சொல்லி முடித்தேன். ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அதை எட்டாம் கட்டையிலும் நான் சொல்லவில்லை.

"கனகு, அண்டைக்குத் தேத்தண்ணிக் கடை ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய கம்பியில ஓடுற கரண்ட் ரேடியோ. அதுக்கு வயர் இழுத்தவனே நான். கை வை எண்டு உனக்குச் சொல்லேக்க பாட்டு என்ர காதில விழுந்தது. விழுந்தும் நான் கேக்கேல்லை."

கனகு எழுதுகோலைக் கீழே வைத்தார்.

"எனக்கும் கேட்டது, அண்ணை."

"கேட்டுமோ கை வைச்சனீ?"

"நீங்கள் வை எண்டியள். எஞ்சின் சத்தத்தில மில் ஓடுறதைச் சொல்லுற காது எண்டு ஊரே சொல்லுது. அந்தக் காது வை எண்டா, என்ர காது பிழையெண்டுதானே நினைப்பன்? கடையில பற்றறி ரேடியோ வாங்கிட்டாங்களாக்கும் எண்டு நினைச்சன்."

பிறகு இடது கையால் எழுதுகோலை எடுத்து அடுத்த பெட்டிக்கு இலக்கம் எழுதினார். நானும் அங்கே நிற்காமல் வந்தேன்.

தம்பிமாரே, நான் அவனுடைய கையை மட்டும் எடுக்கவில்லை. அதற்கு முதலே, பெருமை அடித்து அடித்து அவனுடைய காதை எடுத்துவிட்டிருந்தேன். உங்களுக்கு மேலே நிற்கிறவன் எவ்வளவு பெரிய ஆளாய் இருந்தாலும், பாட்டுக் கேட்டால் கை வையாதேயுங்கோ. நான் வந்து சொன்னாலும் வையாதேயுங்கோ.

காசிம் நானா என்னை வழி அனுப்பும்போது இன்னொன்று கேட்டார். "அந்தக் கந்தோர்க் கடதாசி இன்னும் கிடக்குதோ?" கிடக்கிறது என்றேன். "அப்ப வாயால சொன்னது காணாது. எழுதி அதுக்கு மேல வையுங்கோ" என்றார். நான் எழுதிப் பழகியவன் அல்ல. இதை எழுத எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. வாசித்த பிறகு இதைக் கொண்டுபோய் அந்தப் பைலில், அந்த இங்கிலீஷ்க் கடதாசிக்கு மேலே வையுங்கள். அதில் நான் சொல்லாமல் விட்டது இது:

நான் கேட்டது கரண்டை. அவர் சொன்னது கொப்பை. அவர் சொன்னது உண்மை. பை கைக்கு வர முதல் ஆளை ஏற்றியவன் நான். ரேடியோ பாடியதைக் கேட்டும் கை வைக்கச் சொன்னவன் நான். காசிம் நானா மீது ஒரு பிழையும் இல்லை.

இந்தத் தடவை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தரம் வாசித்துவிட்டு, கீழே தமிழில் கையெழுத்து வைக்கிறேன். அதன் பிறகு எட்டாம் கட்டைக்கு பஸ் எடுக்க வேண்டும். அங்கே ஒரு தேத்தண்ணி பாக்கி இருக்கிறது.